பட்டியலில் இருக்கும் கப்பல்

இயேசு மரி சூசை

ராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள சாண்ட்ரா அப்பாவுக்கு,

ஆலிஸ் எழுதுவது. இங்கே நான் சுகம். சாண்ட்ராவும் ஓசூரில் சுகம், ஆஸ்பத்திரி வேலையில் மூச்சு விட நேரமில்லையாம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதலாமென்றால் கை நிற்கிறது. போன மாதம் சிக்னல் கிடைத்துப் பேசின இரண்டு நிமிஷத்தில் 'நல்லா கீறேன், நல்லா கீறேன்' என்று நாலு தரம் சொன்னீர்கள். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இந்தக் கடிதத்தை எர்ணாவூர் வல்லரசு கையில் கொடுத்தனுப்புகிறேன். அங்கே உங்கள் கப்பலுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுவரும் படகில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பையில் சர்க்கரை மாத்திரை மூன்று மாதத்துக்கு இருக்கிறது. கருவாடும் வைத்திருக்கிறேன். மற்ற இரண்டு பேருக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள்.

ஈரான் கடலில் நீங்கள் நங்கூரம் போட்டு இன்றோடு இருநூற்றுப் பதினாறு நாள். முதலாளி போனை எடுப்பதில்லை. பத்தொன்பது பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். கப்பலைக் காலியாக விடக் கூடாதென்று உங்கள் மூன்று பேரை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று நான் போய்க் கேட்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான், அமெரிக்காக்காரன் தடை. அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் சண்டையென்றால் நடுவில் எண்ணெய்க் கப்பலில் பம்ப்மேன் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், ராயபுரத்து ஸ்டானிஸ்லாஸ் எதற்கு என்று கேட்டேன். கேட்டதற்கு ஒருத்தன் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில், நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன் என்று எழும்பூரில் இருக்கிற பெரிய நூலகத்துக்குப் போய்விட்டேன்.

சிரிக்காதீர்கள். ஆறு வாரமாகப் போகிறேன். மாடி வீட்டுக் கெங்கம்மா, 'இன்னா ஆலிஸு, இந்த வயசுல காலேஜு சேந்துகீறியா' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். அங்கே நவ்ரீன் என்று ஒரு பெண் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறாள், நம் சாண்ட்ரா வயசுதான் இருக்கும். ஈரான் பற்றி அமெரிக்கா செய்ததெல்லாம் வேண்டும் என்றதும், பரீட்சைக்கா ஆன்ட்டி என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு என்று சொன்னேன். மறுநாள் நான் போகும்போது மேஜைமேல் ஐந்து புத்தகம் அடுக்கியிருந்தது.

எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகிறது. எழுபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதமரை, எண்ணெய்க்காக அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்திருக்கின்றன. பிறகு அங்கே புரட்சி வந்து, அமெரிக்கத் தூதரக ஆட்களை நானூற்று நாற்பத்து நான்கு நாள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து தடைமேல் தடை. நடுவில் ஒரு தரம் ஒப்பந்தம் போட்டு, மூன்றே வருஷத்தில் அதிலிருந்தும் அமெரிக்கா விலகிவிட்டது. அந்த நானூற்று நாற்பத்து நான்கு நாளை எல்லாப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் இருநூற்றுப் பதினாறு நாளை நம் வீட்டு காலண்டரில் நான் மட்டும்தான் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், படிக்க வேண்டியதைப் படித்து முடித்தும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். எதிர் மேஜையில் தினமும் பேப்பர் படிக்க ஒரு பெரியவர் வருவார். ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் வராத அன்றைக்கு எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. வீட்டில் அப்படி எதிரே உட்கார யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். மணலி ஆலை நாற்றத்தோடு காற்று வீசினால் ஜன்னலைச் சாத்து என்று கத்தக்கூட ஆளில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தடை போட்ட கப்பல்களுக்கு அமெரிக்காக்காரன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். நவ்ரீன் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினாள். உங்கள் கப்பல் பெயர் அதில் இல்லை. சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள், கப்பல் பெயரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம், உடம்பில் பொறித்த ஏழு இலக்க எண் மட்டும் மாறாது என்று. கப்பலில் ஏறின அன்று நீங்கள் அனுப்பின போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உங்கள் தோளுக்குப் பின்னால் அந்த எண் இருக்கிறது. பட்டியலிலும் இருக்கிறது, பழைய பெயரில். சேர்த்தது ஜனவரியில். நீங்கள் ஏறியது மார்ச்சில்.

மாலுமிகள் சங்கத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் தடைப் பட்டியலில் இருப்பது ஏறும்போது அவருக்குத் தெரியுமா என்று அதில் ஒரு கேள்வி. தெரியாதென்றால் தூதரகம் வழியாக மனுப் போட்டு, உங்களை இறக்கிவிட மாற்று ஆள் கேட்கலாமாம். தெரிந்தே ஏறியிருந்தால் கையை விரித்துவிடுவார்களாம்.

ஒவ்வொரு தடவையும் கப்பலேறும் முன்னால் ஒப்பந்தக் காகிதத்தை மாதா பாதத்தில் வைத்து, ஃபாதர் கையால் மந்திரித்து வாங்கிக்கொண்டுதான் கிளம்புவீர்கள். உங்கள் அப்பா காலத்து வழக்கம். இந்தத் தடவையும் கோவிலுக்குப் போனோம். காகிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. வையுங்கள் என்றேன். 'ஃபாதருக்கு டைம் ஆச்சு ஆலிஸு, வா போலாம்' என்றீர்கள். ஃபாதர் அங்கேயேதான் நின்றிருந்தார். எனக்கு அன்று உறைக்கவில்லை. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. கப்பல் விஷயம் உங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, மாதாவிடம் பொய்க் காகிதம் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை.

உங்கள்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் காலண்டரில்கூட எழுதவில்லை. பிறகு என்மேல் வந்தது. ஐம்பத்து மூன்று வயசு, சர்க்கரை வேறு என்று பதினான்கு மாதம் எந்தக் கம்பெனியும் உங்களை எடுக்கவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பீர்கள் என்று கெங்கம்மா எதிரிலேயே கேட்டவள் நான். அதற்கு அடுத்த வாரம்தான் இந்தக் கப்பலைக் கொண்டுவந்தீர்கள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

படிவத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்களை யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கடலில் போட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது. நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது, பொய் சொன்ன பாவத்தோடு வாங்கக் கூடாதென்று நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று ஃபாதர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் தீர்ந்துவிடும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யில் பாதி உங்களுடையது, தனியாகப் போய்ச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் வந்ததும் இரண்டு பேருமாகப் போவோம். முதலில் நீங்கள் போங்கள், உங்களுடையதுதான் பழைய பாவம்.

மாதா உங்களை அவள் பாதத்துக்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். மாத்திரையை மறக்காதீர்கள். உங்களுக்காக எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், ஆனால் சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு, உங்கள்மேல் கோபமில்லாத
ஆலிஸ்