மதினி பேர் ஒட்டிய ஓலை

மதினி,

இன்று குருத்தோலை ஞாயிறு. கோயில் வாசலிலேயே என் கையில் ஓர் ஓலையைத் திணித்தார்கள். புது மழைக்கோட்டைப் பிரித்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. தடவிப் பார்த்தேன், பிளாஸ்டிக். காம்பில் ஒரு ஸ்டிக்கர். நான் அஞ்சாம் வகுப்பை முழுசாக முடித்தவள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை. ஒரே பார்வையில் படித்துவிட்டேன். மேலே உங்கள் பெயர். கீழே, ‘பசுமைச் சபையின் அன்பு நினைவாக’.

நம் சபைச் செக்ரட்டரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்குக் கப்பலில் பெட்டி பெட்டியாக வரவழைத்தாராம். இனி ஒரு தென்னையிலும் கத்தி படாதாம். “உங்க மதினியோட ஆசை நிறைவேறிடுச்சும்மா” என்றார். உங்கள் சவப்பெட்டியின் மேல் பிளாஸ்டிக் பூ வளையம் கொண்டுவந்து சாத்திய மனிதரல்லவா, அவருக்கு உங்கள் ஆசை தெரியாமல் இருக்குமா?

இந்த மடலைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றாள் பேத்தி. வேண்டாம் என்றேன். என் கோணல் எழுத்துதான் உங்களுக்குப் பழக்கம்.

சுனாமி அலை வந்தபோது நம் தோட்டத்துக்குள் கடல் வந்து போகவில்லை, வந்து தங்கிவிட்டது. நிலமே தாழ்ந்துபோனது என்றார்கள். உப்புத் தண்ணீரில் நின்ற தென்னைகளில் முதலில் குருத்து வாடியது, பிறகு கொண்டையே ஒடிந்து விழுந்தது. என் அண்ணன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நீங்கள் மட்டும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு மரமாய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கோயில் வளாகத்தில் ஒரே ஒரு தென்னை பிழைத்துக் கிடந்தது. மறு வருஷம் குருத்தோலைக்கு முந்தின நாள் அதில் ஏறத்தான் ஆள் பிடித்து வந்தார்கள். மேட்டுப் பக்கம் தழைத்த தோப்புகள் இருந்தன. அவ்வளவு தூரம் போக இவர்களுக்குக் கால் வலிக்கும். நீங்கள் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள்.

“ஆண்டவருக்கு ஒரு குருத்து குடுக்க மனசில்லையா அக்கா?” என்று கேட்டார் இதே செக்ரட்டரி. அப்போது அவருக்குத் தலையில் முடி இருந்தது.

“அவரு கழுத மேல வந்த அன்னைக்கு ஓலை மட்டுமில்ல, துணியையுந்தான் விரிச்சாவ தம்பி. போட்டிருக்க புதுச் சட்டையக் கழத்தி விரியுங்க. பொறவு மரத்துல ஏறலாம்.”

சட்டையைக் கழற்ற ஒருவரும் இல்லை. காலில் கயிறு மாட்டி நின்றவன் அதை அவிழ்த்துவிட்டுப் பீடி பற்றவைத்தான். அன்று சாயங்காலமே ஜீப் கிடைத்தது, மேட்டுத் தோப்பிலிருந்து குருத்தும் வந்தது. மனசிருந்தால் எல்லாம் கிடைக்கும். இவர்களுக்கு மனசு வர யாராவது குறுக்கே நிற்க வேண்டும்.

மறுநாள் ஊர்வலத்தின் வாலில் நீங்களும் நானும் தானாய் விழுந்த காய்ந்த மட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பாட்டுக் குழுப் பையன்கள் “ஜாடுவாலி, ஜாடுவாலி” என்று கேலி பேசினார்கள். விளக்குமாறு விற்கிறவளாம். எனக்குக் காது சுட்டது. நீங்களோ ஆராதனை முடிந்ததும் அந்த மட்டைகளில் ஈர்க்கு கிழித்து விளக்குமாறாகவே கட்டி, அந்தப் பையன்கள் மிதித்துப் போட்ட குருத்தையெல்லாம் பெருக்கினீர்கள். “தோட்டத்தப் பாத்துக்கிடுன்னுதான் ஆண்டவரு சொன்னாரு. நம்ம பேருக்குப் பட்டா எழுதிக் குடுக்கல” என்றீர்கள்.

இவர்களுக்கோ பட்டா கைக்கு வந்துவிட்ட நினைப்பு. சுற்றுச்சூழல் ஞாயிறு என்று ஒன்று கொண்டாடுகிறார்களே, வருஷா வருஷம் ஒரே குழி, கேட்டுக்குப் பக்கத்தில். போட்டோவுக்கு அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுமாம். கன்றை நடுவார்கள், பாட்டில் தண்ணீரைக் குடித்துப் பாட்டிலை அங்கேயே போடுவார்கள், மறுவாரம் ஆடு மேய்ந்துவிடும். “மரம் வளரல. குழி நல்லா வளருது” என்று நீங்கள் சொன்னதை நினைத்து இன்று பிரசங்கத்தின் நடுவில் சிரித்துவிட்டேன். சபை ஐயர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஊர்வலம் முடிந்தது. பசுமைச் சபை பிரியாணிக்குப் போய்விட்டது. ஓலைகள் பெஞ்சுக்கு அடியில், படியில், கேட்டை ஒட்டிய சாக்கடையில் கிடந்தன. அந்தச் சாக்கடை நேரே கடலுக்குப் போகிறது. ஓலையோடு உங்கள் பெயரும் போகும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீங்கள் கட்டிய விளக்குமாற்றைக் கோயில் பின்சுவர் ஆணியிலிருந்து எடுத்தேன். கூட்டி, பொறுக்கி, சாக்குகளில் சேர்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓலையிலிருந்தும் ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்தேன்.

செக்ரட்டரி பல் குத்திக்கொண்டே வந்தார். அடுத்த வருஷமும் இதையே வைத்துக்கொள்ளலாம், மிச்சம்தானே என்றார்.

“வச்சுக்கிடுறதுன்னா சாக்கடையில எதுக்குக் கெடந்துச்சு?”

அவர் பேச்சை மாற்றினார். ஸ்டிக்கரை ஏன் உரிக்கிறீர்கள், அது கமிட்டியில் பாஸ் பண்ணியது என்றார்.

“ஓல கமிட்டிக்குள்ளது. எடுத்துக்கிடுங்க. பேரு எங்க வீட்டுக்குள்ளது.”

சாக்குகளை அவருடைய காரின் பின் சீட்டில் நானே ஏற்றினேன். சீட்டு நனைந்தது.

நகக்கண்ணில் இன்னும் பசை இருக்கிறது, மதினி. சீயக்காய் போட்டும் போகவில்லை. நம் கோயில் தென்னை நன்றாக இருக்கிறது. இன்றைக்கு ஒரு மட்டையைத் தானாகவே கழற்றிப் போட்டது, வீட்டுக்கு இழுத்து வந்திருக்கிறேன். உங்கள் விளக்குமாறு பிடியளவுக்குத் தேய்ந்துவிட்டாலும் அதைத் தூக்கிப் போட மாட்டேன். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டி மாட்டப்போகிறேன். இந்தச் சபைக்கு ஒரு விளக்குமாறு போதாது.