ரோபெர்ட்டா கொடுத்த வாக்கு

மார்ச் 4, செவ்வாய்

டீசல் செலவு, பழுதுச் செலவு என்று பள்ளி வாரியம் மறுபடி மூக்கால் அழுகிறது. பேருந்துகளைத் தனியார் கம்பெனியிடம் விட்டுவிடலாமா என்று பேச்சு. விட்டால் ஓட்டுநர்களான எங்கள் மருத்துவக் காப்பீடு போச்சு. என் கணவர் வெண்டலின் இருதய வைத்தியம் என் காப்பீட்டில்தான் ஓடுகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 6

ரோபெர்ட்டா வீட்டுக்கு வந்தாள். எங்களுக்கு மேற்பார்வையாளர். என் மகளுக்கு ஞானத்தாய்.

"ஆறு ரூட்ட நாலாக்கிட்டு, இந்த வருஷம் சம்பள உயர்வு வேணாம்னு நாமளே சொல்லிட்டா, வாரியம் கம்பெனிக்காரனைத் தேடாதுடி. நான் சொன்னா அதிகாரின்னு சந்தேகப்படுவாங்க. நீ சொன்னா கேப்பாங்க, நோரீன்."

மற்ற ஓட்டுநர்களிடம் சொன்னேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஹார்லன் மட்டும், "உன் முகத்துக்காகத்தான் சரிங்கறேன்" என்றார்.

ஏப்ரல் 9

இருக்கைக்கு மூன்று பிள்ளைகள். தலை தெறிக்கும் கூச்சல். ஆனாலும் வேலை தப்பியது. ரோபெர்ட்டாவுக்கு என் கையால் சுட்ட ஆப்பிள் பை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மே 13

வாரியம் கம்பெனிக்கே கொடுத்துவிட்டது. ஆறு தடம் இருந்தபோது கம்பெனி கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லையாம். நான்கு என்றதும் இறங்கி வந்தார்களாம். நான்காக்கிக் கொடுத்தது யார்? நாங்களேதான்! ஹார்லன் என் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மே 14

கம்பெனிக்கு இந்த ஊரில் மேலாளர் ரோபெர்ட்டாவாம். பிப்ரவரியிலேயே பேசி முடித்திருக்கிறாள். அடிப்பாவி. என் சமையலறையில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டே —

போன் செய்தேன். "நானும் பொழைக்கணும்ல? மொத வேலை உனக்குத்தான்டி."

"காப்பீடு?"

"அது... ஓட்டுநருங்களுக்குக் கிடையாது."

வைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் என் கண்ணைப் பார்த்தா பேசினாள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஆமாம், பார்த்துத்தான் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 22

வெண்டல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார். கண்டுபிடித்துவிட்டேன். கத்தினேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஆகஸ்ட் 11

பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். காப்பீடு உண்டு. இத்தனை வருஷம் ஓட்டியும் அங்கே நான் கடைசி ஆள். யாருக்கும் வேண்டாத நீளத் தடம் எனக்கு.

செப்டம்பர் 3, புதன்

கம்பெனிக்கு ஓட்டுநர்கள் கிடைக்கவில்லை என்று ஊரே பேசுகிறது. இன்று எல்லைச் சாலையில் எங்கள் ஊர்ப் பேருந்து எதிரே வந்தது. ஓட்டி வந்தவள் ரோபெர்ட்டா.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் எதிரெதிரே வந்தால் கையைத் தூக்காமல் போகமாட்டோம். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி.

அவள் தூக்கினாள்.

நான் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.