அந்தப் பிள்ளை சொல்லட்டும்

இரவு பெய்த மழையில் பாலாய் ராயா பொது மண்டபத்துக் கூரை மறுபடி ஒழுகியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் ஈர ரப்பர் பாய்களின் வாடை முகத்தில் அடித்தது. தனியாகவே எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காயப்போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. நீ இருந்திருந்தால் ஒரு முனையைப் பிடித்திருப்பாய், பிடித்தபடியே கதை பேசி என் கழுத்தையும் அறுத்திருப்பாய்.

சனிக்கிழமைக் காலையில் தாமான் குடியிருப்பிலுள்ள சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைக்கலாம் என்பது உன் யோசனைதான். பெற்றவர்களில் பாதிப் பேர் பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிஃப்டு பார்ப்பவர்கள். பிள்ளைகள் கைப்பேசியோடு வளர்ந்தன. வீடு வீடாகக் கூப்பிடப் போனபோது, தண்ணீர் ஃபில்டர் விற்க வந்தவர்கள் என்று நினைத்து நம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள், நினைவிருக்கிறதா?

வந்தவர்களிடம் வேறொரு தொல்லை. பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். பேர் கேட்டால் அம்மா, பசிக்கிறதா என்றால் அம்மா. உனக்கு அது ஆகவே ஆகாது. தாய்மார் கையில் ஆளுக்கொரு முறுக்கைக் கொடுத்து, "இத மென்னுக்கிட்டு இருங்க. அந்தப் புள்ள சொல்லட்டும்" என்பாய்.

"ஏன்கா, வகுப்பு புள்ளைக்கா, எங்களுக்கா?" என்று ஒருத்தி முறைத்தாள்.

"ரெண்டு பேருக்குந்தான் லா" என்று அவள் கையில் இன்னொன்றைத் திணித்தாய்.

நீ கண்ணை மூடிய பிறகு கூட்டம் குறைந்துவிட்டது. எனக்கும் அலுத்துவிட்டது. இன்றோடு மண்டபத்தைப் பூட்டிவிட்டு, சனிக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று முடிவே செய்திருந்தேன். உன்மேல் கோபம்கூட வந்தது. ஆரம்பித்தது நீ, மாட்டிக்கொண்டது நான்.

இன்று கயல் வந்திருந்தாள். மூன்று வயதாகிறது, வாயே திறப்பதில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள், பேச்சுப் பயிற்சிக்கு முறை வரக் காத்திருக்கிறார்கள். எந்தப் பந்து வேண்டும் என்று அவளைக் கேட்டேன்.

"செவப்பு டீச்சர். அவளுக்கு எப்பவும் செவப்புதான்" என்றாள் அம்மா.

அம்மாவிடம் முறுக்கை நீட்டினேன். அவள் மென்றாள், நான் காத்திருந்தேன். கயல் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் பொறுக்க முடியாமல் ஓடியே போய்விட்டன. அப்புறம் மெல்லச் சொன்னாள்.

"நீலம்."

அம்மாவின் வாய் அப்படியே நின்றுவிட்டது. "வீட்ல எல்லாமே செவப்புலதான் வாங்கி வச்சிருக்கேன் டீச்சர்" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

போகும்போது வாசலில்தான் சொன்னாள், இனிச் சனிக்கிழமைகளில் ஓவர்டைமாம். கூட்டிவர ஆளில்லை. கயல் வீட்டில் தாத்தாவோடு உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பாள்.

நானும் இத்தோடு மூடப்போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உடம்பில் தெம்பில்லை, அதுதான் உண்மை. ஆனால் வந்த வார்த்தை வேறு. "புள்ளைய வெளிய நிக்க வைங்க, நான் கார்ல வந்து ஏத்திக்கிறேன்."

உன் குரல், உன் தொனி, அப்படியே. யாருக்காகவும் யாரும் பதில் சொல்லக்கூடாது என்று ஊரோடு சண்டை போட்டவள் நீ. இன்று என்னைக் கேட்காமலே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டாய்.