கருங்குன்றத்து நிழற்கூத்தறை

நலம் பெருகுக. மூன்று ஆறுகள் கூடும் ஆம்பல்நாட்டின் காவலனும், அன்றில் கொடி உடையவனும், அரியணை ஏறி மூன்றாண்டு நிறையாதவனுமாகிய நன்மாவேள், கருங்குன்றக் கோட்டத்தை நடுநிலை தவறாது ஆண்டுவரும் பெருந்தலைவி மருதியார் அவர்களுக்குத் தன் கையாலேயே எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் மலைச்சுனைகள் வற்றாதிருக்க. தினைப்புனங்கள் விளைக. தங்கள் மைந்தன் ஆதனின் கண்ணொளி நிலைத்து நிற்க.

தங்கள் ஓலை முந்தாநாள் கிடைத்தது. மைந்தனுக்கு அந்தி சாய்ந்தால் கண் தெரிவதில்லை என்றும், பகற்பார்வையும் தை மாதத்தைத் தாண்டாது என்று மருத்துவர் உரைத்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். ஊர்ப்பொதுவில் இரவில் ஆடும் தோற்பாவைக் கூத்துக்கு அவனை இனி அழைத்துச் செல்ல இயலாது, எதிரே விளக்கொளி பட்ட திரை மட்டும் அவனுக்கு இன்னும் தெரிகிறது என்பதால், பகலிலும் இருள் நிற்கும் கூத்தறை ஒன்றை மனைக்குள்ளேயே கட்ட எண்ணுகிறீர்கள். நோயுற்றவர் உறையும் உள்மனையில் புறத்தார் கருவி ஒலிக்கலாகாது, உற்றாரே தம் கையால் கட்ட வேண்டும் என்பது நம் நாட்டு மரபு. எம் தங்கை அல்லியங்கோதைக்கு யாம் அவ்வாறு கட்டியதைக் கேள்வியுற்று, அளவுகளை வேண்டினீர்கள். மழை ஓய்ந்தபின் நல்ல நாளில் தொடங்குவதாகவும் குறித்திருந்தீர்கள்.

யாம் கொத்தர் மரபினர் அல்லேம். அவை கலைந்தபின் மாலைதோறும் கொத்தர் தலைவர் சாத்தையனாரிடம் சென்று, தச்சர் பிள்ளைகளோடு அமர்ந்து கற்றோம். பூச்சுக் கரணையைச் செங்கோல் போல் பிடித்தால் சுண்ணாம்பு வணங்காது, அதற்கு அரசன் யார் குடி யார் என்று தெரியாது என்று முதல் நாளே அவர் சொல்ல, பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள். கற்றதை அன்றன்றே நாளோலையில் எழுதினோம். அதிலிருந்தே இவற்றைத் தருகிறோம். பிழை இருக்கலாம், சாத்தையனாரிடம் இருமுறை காட்டித் திருத்தியும் எமக்கு முழு நம்பிக்கை இல்லை.

அறை பதினெட்டு முழ நீளமும் பன்னிரண்டு முழ அகலமும் இருந்தால் போதும். சுவரை இரண்டாக எழுப்பி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, உமியை அழுத்தி நிரப்புக. வெளி ஓசை உள்ளே வராது. உமி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈர உமியில் பூச்சி வைக்கும். திரைக்கு எதிர்ச்சுவரில் கரியும் வேலம்பிசினும் குழைத்துப் பூசுக, இல்லையேல் விளக்கொளி அங்கே பட்டுத் திரும்பி நிழலை வெளுக்கும். புகைபோக்கியை நேராக வைக்காமல் முழங்கை போல் மடக்கி வைத்தால் புகை போகும், பகல் நுழையாது. தரை பின்னே செல்லச் செல்ல ஒரு சாண் உயரட்டும். ஆமணக்கெண்ணெய் விளக்கு திரைக்குப் பின் இரண்டு முழத் தொலைவில் நிற்க வேண்டும். மூன்று முழம் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறோம். எரித்துப் பார்த்தே முடிவு செய்க.

இவையெல்லாம் எம் நாளோலையில் இருபத்துமூன்று வேலைகளாக உள்ளன. இருபத்துமூன்றாவது, திரை கட்டுதல்.

பெருந்தலைவியே, தாங்கள் கேளாத ஒன்றை இனி எழுதுகிறோம். எம் தங்கையின் கண்ணொளிக்கும் மருத்துவர் மூன்று திங்களே குறித்தார். யாம் தொண்ணூறு நாளுக்குள் முடியும்படி கணக்கிட்டோம். நாற்பதாம் நாள் சுவர் முடிந்தது. அவள் வந்து தடவிப் பார்த்து, அண்ணன் முடிசூட ஆன நாளைவிடச் சுவர் பூச ஆன நாள் அதிகம் என்று கேலி பேசினாள். திரைத்துணிதான் நெய்து வந்துவிட்டதே, இரண்டு கழியில் கட்டி ஒரு மான்பாவையையாவது ஆட்டிக் காட்டக்கூடாதா என்று கேட்டாள். சுண்ணாம்புத் தூசி படிந்து துணி கெடும், எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்றோம். மறுபடியும் கேட்டாள். அறுபத்தொன்றாம் நாள் கரிப்பூச்சு திட்டுத்திட்டாக உதிர்ந்தது. முழுவதையும் சுரண்டி மீண்டும் பூசினோம்.

எழுபத்துநான்காம் நாள் உச்சிப்பொழுதில் முற்றத்தில் நின்று, இன்னும் ஏன் விளக்கேற்றவில்லை என்று கேட்டாள்.

அறை எண்பத்தெட்டாம் நாள் முடிந்தது, குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே. கூத்தர் ஆடினர். அவள் பக்கச்சுவரை நோக்கி அமர்ந்திருந்தாள். திருப்பி அமர்த்த எமக்குக் கை எழவில்லை. கூத்து முடிந்ததும், நல்ல அறை அண்ணா, வெளிச்சத்தம் ஒரு துளியும் கேட்கவில்லை என்றாள். அரசவையில் யாம் பெற்ற எந்தப் பழியும் அந்தப் புகழ்ச்சி போல் எம்மைச் சுட்டதில்லை.

சுவரில் யாம் செய்த பிழையைச் சாத்தையனாரால் காண முடியவில்லை. அவர் சரடு பிடித்துப் பார்த்து, நூல் பிசகவில்லை என்றார்.

ஆகவே, இந்த ஓலையுடன் அதே திரைத்துணியை அனுப்புகிறோம். எட்டு முழம், ஓரங்களில் கயிறு வைத்துத் தைத்தது. நனைத்து இழுத்துக் கட்டினால் சுருக்கம் விழாது. தோலில் செய்த மான் ஒன்றும் துணிமடிப்பில் உள்ளது. அல்லியங்கோதை தானே எடுத்து வைத்தாள். கால்மூட்டு இறுகியிருக்கிறது, எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

வேண்டுகோளாக எழுதத் தொடங்கிக் கட்டளையாக முடிக்கிறோம், பொறுத்தருள்க. மழை ஓய்வதற்கும் நல்ல நாளுக்கும் காத்திராது, ஓலை கண்ட அன்றே, சாளரங்களைக் கம்பளியால் மூடி, மைந்தன் படுக்கும் அறையிலேயே இத்திரையைக் கட்டுக. கூத்தர் வரவில்லையேல் தாங்களே மானை ஆட்டுக. ஒளி கசியட்டும், நிழல் நடுங்கட்டும். சுவரைத் தை மாதத்துக்குப் பின் எழுப்பலாம்.

இது எம் ஆணை. அன்றில் முத்திரை இட்டோம். துணி கட்டப்பட்டது என்ற சொல்லைக் கேளாமல் திரும்ப வேண்டாம் என்று தூதனுக்கும் சொல்லியிருக்கிறோம்.