விட்ட இடத்திலிருந்து

இன்று காலை பூக்காரம்மா பிச்சிப்பூப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஈர வாழைமட்டை வாசனை வந்தது. பூவை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

களக்காட்டு வாழைத் தோட்டங்களில், இந்த வாசனைக்குள்தான் நம் நடை தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் ஒரே அலுவலகத்தில் நாம் குமாஸ்தாக்கள். களக்காட்டிலிருந்து பாபநாசம் வரை மலையடிவாரத்தோடு நடந்தே போவது என்று நீ தீர்மானித்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! வெளியே இரவு தங்க நம் வீடுகளில் விடமாட்டார்கள். அதனால் ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய், முடிந்தமட்டும் நடந்து, சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்புவோம். அடுத்த ஞாயிறு, விட்ட இடத்திலிருந்து.

ஒருமுறை மழை பிடித்துக்கொண்டது. குளக்கரையிலிருந்து ரோட்டுக்கு ஓடி, பஸ் ஏறி, அடுத்த ஊரில் இறங்கிக்கொண்டோம். மறுவாரம் அந்தக் குளக்கரைக்கே திரும்பப் போகவேண்டும் என்றாய். பார்க்க ஒன்றுமில்லாத உடைமரக் காடு அது. எனக்கு எரிச்சல்.

"கொஞ்சத் தூரந்தானேளா? யாரு பாக்கப்போறா?"

"நான் பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ முன்னால் நடந்தாய். வைதுகொண்டே பின்னால் வந்தேன். உள்ளுக்குள் உன்னை நினைத்து அவ்வளவு பெருமை.

மணிமுத்தாறு வரை வந்தபின் நீ நோயில் படுத்துவிட்டாய். இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மிச்சத்த நீ நடந்துட்டு வாளா. வந்து எனக்குச் சொல்லு."

நடந்தேன். உன் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னேன். நீ களைத்துவிடுவாயோ என்று பயந்து, ஊர் ஊராகத் தாண்டிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"அந்தப் பாலத்துக்கு அங்கன என்ன இருந்துச்சு? பைய வா. எதையும் விட்டுட்டு வராத."

திரும்பப் பாலத்துக்கே போனேன். நட்டு முடித்த வயல், ஒரு செங்கல் சூளை, என்னைத் துரத்திய நாய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடியபடி கூடவே வந்தாய். கடைசியில் பாபநாசத்துப் படித்துறையில் இறங்கி ஆற்றுக்குள் கால் வைத்ததைச் சொன்னேன். போர்வைக்குள் உன் கால்கள் சட்டென்று மடங்கின.

"சில்லுன்னு இருக்குளா," என்றாய்.

நீ போய் இத்தனை வருஷமாகியும், இன்றும் எந்த வழியில் போனாலும், ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். உன்னிடம் சொல்லவேண்டுமே.