கரும்பச்சை

டேப்லெட் பேனாவின் பின்முனையில் உன் பல் தடம் அப்படியே இருக்கிறது. யோசிக்கும்போது கடித்துக்கொண்டே இருப்பாய். இன்று காலை எடுத்தபோது என் விரல் அந்தப் பள்ளத்தில் போய் நின்றது. வேலை செய்யவே பிடிக்கவில்லை. ஆனால் தேயிலை விவசாயிகள் நாளை மறியல் வைத்திருக்கிறார்கள். நாம் முடிக்காமல் விட்ட படத்தைத்தான் பேனருக்குக் கேட்கிறார்கள். உன் அப்பாவும் வந்திருந்தார்.

கோத்தகிரியின் இந்த ஃப்ளெக்ஸ் கடையில் ஒரே கணினிக்கு முன் நாம் இரண்டு பேர். பூப்புனித நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. இடையில் கிடைத்த நேரத்தில் கட்டபெட்டு ஊரில் இருக்கும் உங்கள் தேயிலைத் தோட்டத்தை வரைந்தோம். பசுந்தேயிலை விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டுப்படியாகாமல் உன் அப்பா கொழுந்து பறிப்பதை நிறுத்தியிருந்த நேரம். படத்தில் அவர், பறிக்காமல் உயர்ந்துவிட்ட செடிகளுக்குள் கழுத்தளவு புதைந்து நிற்பார்.

நான் கருப்பு வெள்ளைதான் என்றேன். வண்ணத்தில் போட்டால் லாட்ஜ் விளம்பரமாகிவிடும், பசி தெரியாது என்று கத்தினேன். படத்தின் மேல் ஒரு சாம்பல் லேயரைப் போட்டேன். அதன் பக்கத்திலிருக்கும் கண் குறியை அழுத்தினால் நிறம் போகும். மறுபடி அழுத்தினால் வரும். நான் போக்குவேன், நீ கொண்டுவருவாய்.

"ஏம்புள்ள, எங்கப்பன் உசுரோட இருக்கறப்பவே அஞ்சலி போஸ்டர் அடிக்கறயா?"

"ஊட்டிக்கு வர்றவன் பாத்துட்டு என்ன அழகும்பான். பரவால்லயா?"

"சொல்லிட்டுப் போறான். அவனுக்கா போடறோம்?"

பிறகு திரையில் இரண்டு பச்சைகளை அருகருகே வைத்தாய். பறிக்கிற தோட்டம் இளம்பச்சை. கைவிட்டது கரும்பச்சை. "இந்தக் கலரப் பாத்தாலே அந்த ஊட்டு நெலம எங்கூர்ல தெரிஞ்சு போயிரும்" என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சண்டை முடிவதற்குள் நீ திருப்பூர் பனியன் கம்பெனிக்கு டிசைன் வேலைக்குப் போனாய். காய்ச்சலுக்கு லீவு கேட்டதற்கு, ஆர்டர் போன பிறகு பார்க்கலாம் என்றார்களாம். உயிரோடு நீ திரும்ப மலை ஏறவில்லை. விதி என்கிறார்கள். கொழுந்துக்கு விலை கிடைத்திருந்தால் நீ ஏன் இறங்கப் போகிறாய்? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இன்று படத்தைத் திறந்தேன். நான் விட்டபடியே சாம்பலில் வந்தது. உன் அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது யாரு தோட்டம்?"

கண் குறியை அழுத்தினேன். கரும்பச்சை வந்தது. அவர் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நம்முளுதேதான். மரமாப் போச்சே கண்ணு."

வண்ணத்திலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். சுற்றுலா வந்த எவனாவது நாளை அந்தப் பேனர் முன் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுப்பான். அந்தக் கோபம் எனக்குப் போகாது. அதனால் சாம்பல் லேயரை அழிக்கவில்லை, அணைத்து மட்டும் வைத்திருக்கிறேன். நம் சண்டையில் என் பங்கு அதுதான். உன் பங்குக்கு என்னிடம் இந்தப் பேனா இருக்கிறது.