செம்பூருக்குத் தெரியாத தாராவி

ஜூலை 7, 2025, திங்கள்

செம்பூர். நாகூர் மீரான் பாயின் ஹெட் ஆபீஸ். தாராவிப் பட்டறையில் தைக்கிற தோல் பைகளுக்கு இங்கே ஏசி போட்டு ஆபீஸ். நாலு மேஜை, ஒரே ஆள் - பாய். சுவர் முழுக்க டிவி. அதில் பட்டறைக் கேமரா தெரிய வேண்டும். மூன்று வாரமாகக் கறுப்பு.

"பில்லு வருது, ஸ்டாக்கு வருது, கேமரா மட்டும் ஏன் வரமாட்டேங்கு?" என்றார். கஸ்டமர் ஒருத்தர் முதல் முறையாக நல்ல கேள்வி கேட்கிறார். நெட்வொர்க் இன்ஜினியர் நான், ரூட்டரை அணைத்துப் போட்டேன்.

வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனியைக் கூப்பிடுவாராம். என் மேனேஜர் ஜோன்ஸ் போனில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: பாய் போனால் நீயும் போ. என் புரொபேஷனும் வெள்ளியோடுதான் முடிகிறது. என்ன ஒரு அதிர்ஷ்டம்.

ஜூலை 8

இரண்டு ரூட்டர் பேசிக்கொள்வது பெரிய வித்தை இல்லை. என்னிடம் இன்னின்ன நெட்வொர்க் இருக்கிறது என்று ஒன்று சொல்லும், மற்றது குறித்துக்கொள்ளும். தாராவி ரூட்டர் பில்லிங் நெட்வொர்க்கைச் சொல்கிறது. கேமரா நெட்வொர்க்கைப் பற்றி மூச்சு விடவில்லை. செம்பூரைப் பொறுத்தவரை தாராவியில் கேமராவே கிடையாது.

கேபிள்காரனைத் திட்டினேன். அவன் ஹிந்தியில் திருப்பித் திட்டினான், என்னைவிட நன்றாக. பிறகுதான் உறைத்தது - பில்லும் அதே கேபிளில்தானே வருகிறது, மடையா.

ஜூலை 9

தாராவி. மழை. சந்தெல்லாம் கணுக்கால் தண்ணீர். பட்டறையை நடத்துவது பாயின் தங்கச்சி, சாயிரா அக்கா.

ரூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு ஃபில்டர். ஒரே வரி: கேமரா நெட்வொர்க்கை வெளியே சொல்லாதே. இதெல்லாம் தானாக முளைக்காது, யாரோ உட்கார்ந்து அடித்தது.

அக்காவிடம் கேட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன். நான்தான் போடச் சொன்னேன் என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே. போட்டுக் கொடுத்தது எனக்கு முன்னால் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த இன்ஜினியர். எங்கள் கம்பெனி ஆள்! கூலி, பெண்டாட்டிக்கு ஒரு ஹேண்ட்பேக்.

ஏன் என்றால்: தைக்கிற பெண்களில் ஒருத்தி எழுந்தால் பாய் போன். தண்ணீர் குடித்தால் போன். மூன்றாவது மிஷின் ஏன் சும்மா கிடக்கிறது என்று ஸ்பீக்கரில் கத்தல். இரண்டு பெண்கள் வேலையை விட்டே நின்றுவிட்டார்கள்.

"இன்னொருத்தி போனா பட்டறையப் பூட்டிருவேன் தம்பி. காக்கா டிவியில பூட்டப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். பாசம்தான் போல. குரலில் தெரியவில்லை.

ஜூலை 10

வரியை எடுத்தால் அக்கா பூட்டுவாள். எடுக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. அண்ணன் தங்கச்சி பஞ்சாயத்துக்கா நான் நாலு வருஷம் படித்தேன்?

செம்பூர் ஆபீஸிலும் ஒரு கேமரா இருக்கிறது, திருடனுக்காக. தாராவியில் ஒரு பழைய மானிட்டர் தூசி படிந்து கிடக்கிறது. ம்.

அக்காவிடம் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தாள்.

ஜூலை 11, வெள்ளி

வரியை எடுத்தேன். டிவியில் தாராவி. பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போகிற வழி இருந்தால் வருகிற வழியும் இருக்கணும் பாய், அதனால் இங்கே நடப்பது அக்காவுக்கும் அங்கே மானிட்டரில் தெரியும் என்றேன். முதல் பாதி சத்தியம். இரண்டாம் பாதியைத் தடுக்க ஒரு நிமிஷம் போதும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அவ எங்க பாக்கப் போறா என்றார்.

ஜோன்ஸ் சார் என்னை கன்ஃபர்ம் செய்துவிட்டார். கை கொடுக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 15

மூன்றாவது மிஷினைப் பற்றிக் கேட்கப் பாய் போனை எடுத்தாராம். அதற்குள் அக்கா முந்திக்கொண்டு, கையில் இருக்கிற ஜிலேபியைக் கீழே வைக்கச் சொன்னாளாம். பாய்க்குச் சுகர்.

ஜூலை 18

பாய் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி: "தம்பி, எடுத்துரு."

எதை?

"ரெண்டையும். மனுசன் நிம்மதியாத் திங்க முடியல."

மெயிலில் கேளுங்கள் என்றேன். அனுப்பினார். அதே வரியைத் திரும்பப் போட்டேன், செம்பூர்க் கேமராவுக்கும் ஒன்று சேர்த்து, இந்த முறை கஸ்டமர் விருப்பம் என்ற பெயரில்.

அக்காவிடம் சொன்னால் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று பார்த்தேன். மிஷின் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது, போனோடு வெளியே வந்துவிட்டாள் போல.

"அங்க ஒரு ஆளும் வரமாட்டேங்காங்க தம்பி. நாள் பூரா டிவியப் பாத்துக்கிட்டு ஒத்தையில உக்காந்து திங்காரு. இவ்வளவு நாளும் எனக்குத் தெரியவே தெரியாது."

சரிக்கா, வைக்கிறேன் என்றேன்.

ஜூலை 30

தாராவிப் பட்டறையில் பிரிண்டர் வேலை. மதியம். பாய் அங்கே இருந்தார். இப்போதெல்லாம் தினமும் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறாராம், செம்பூரைப் பூட்டிவிட்டு. மீன் குழம்பு, கொஞ்சமாகச் சோறு.

அக்கா அவரை மிஷின்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்க்க உட்கார வைத்திருந்தாள். ஒரு மிஷின் சத்தம் நின்றது. பாய் கழுத்தை மெல்லத் திருப்பினார்.

"காக்கா, சோறு முன்னாலதான இருக்கு."

திரும்பிக்கொண்டார்.